மோடிஃபை செய்த டார்ச்லைட் நீருக்கடிக் குகைக்கு ஆகுமா? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடையை மூடப் போகிற நேரம். ஒரு தம்பி சாண் நீள டார்ச்லைட் ஒன்றைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். ஈப்போவில் வேலை பார்க்கிறவர், பெர்ஹெந்தியான் தீவில் டைவிங் படித்து முடித்தவர். அடுத்து தாய்லாந்து போய் குகை டைவிங் பயிற்சி எடுக்க ஆசை.

"அண்ணே, எல்இடி மாத்திட்டேன், டிரைவர் போர்டு மாத்திட்டேன். இப்ப ஆறாயிரம் லுமன். ஆனா நீச்சல் குளத்துல ஆழமான பக்கம் போனா தானாவே மோட் மாறுது. அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க, குகைக்கு இதயே கொண்டு போயிடுறேன்."

லுமன் என்பது வெளிச்சத்தின் அளவு. டிரைவர் போர்டு என்பது எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகை. மோட் என்றால் கூட, குறைய, மின்னுவது என்று டார்ச் எரியும் விதம். அந்த ஒரு பழுதை மட்டும் சரி செய்து கொடுத்திருந்தால் என் வேலை முடிந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை. டார்ச்சைப் பிரித்துப் போட்டு, அவரை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். அன்றைக்குச் சொன்னதையும் பிறகு யோசித்ததையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைச் சரி செய்யலாம், எதைச் சரி செய்தாலும் குகைக்கு ஆகாது என்பதெல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கும்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் பயன்படுத்துவதற்கென்று செய்த டார்ச்சை எவ்வளவு திறமையாக மோடிஃபை செய்தாலும், நீருக்கடிக் குகைக்குள் அது முதன்மை விளக்காகவும் ஆகாது, மாற்று விளக்காகவும் ஆகாது.

என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். முன்பு கார்பைட் விளக்கு, பிறகு பேட்டரி விளக்கு. நடுவில் விளக்கு அணைந்துவிட்டால், அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து விடியட்டும் என்று காத்திருப்பார். கொஞ்ச நேரம் வீணாகும், கங்காணியிடம் ஏச்சு கிடைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் நிறைந்த குகைக்குள் விடியாது. நேராக மேலே போகலாம் என்றால் தலைக்கு மேல் பாறை. சிலிண்டரில் உள்ள காற்று தீர்வதற்குள் வந்த வழியே வெளியே போயாக வேண்டும். அதனால்தான் அங்கே விளக்கைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி அது எப்படி அணையும் என்பது. எவ்வளவு பிரகாசம் என்பது பிறகுதான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா ஊற்றுக் குகைகளில் நடந்த மரணங்களை ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் 1970களில் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அந்தப் பாடங்களின் வழியே வந்த விதிகளைத்தான் இன்றைக்கும் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். பயிற்சி இல்லாமல் உள்ளே போகாதே. வெளி வாசல் வரை அறுபடாத வழிக்கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. பழகிய ஆழத்தைத் தாண்டாதே. ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று விளக்கு. அந்த மூன்றில் ஒன்று பழுதானாலும் அந்த டைவ் அங்கேயே முடிந்தது, திரும்ப வேண்டியதுதான். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன் பேட்டரி செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்க வேண்டாம். லித்தியம் செல் உள்ளே இருக்கும்போதே ஸ்குரூடிரைவர் வைத்தவர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன்.

ஆழம் போகப்போகத் தானாக மோட் மாறுகிறது, பிறகு அணைந்துவிடுகிறது

தம்பி சொன்ன பழுது இதுதான். டிரைவர் போர்டில் கோளாறு என்று அவர் நினைத்திருந்தார். போர்டு நன்றாகவே இருந்தது. காரணம் வாலில் இருந்த ரப்பர் தொப்பி.

தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். சுவிட்சை மூடியிருக்கும் ரப்பர் தொப்பி 14 மில்லிமீட்டர் அகலம் என்றால் அதன் பரப்பு ஒன்றரை சதுர செண்டிமீட்டர். நீச்சல் குளத்தில் மூன்று மீட்டர் ஆழத்திலேயே அரை கிலோ அதன்மேல் உட்கார்ந்துவிடும். யாரோ கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டே இருப்பது போல. அரை அழுத்தம் கொடுத்தால் மோட் மாறும் டார்ச் இது, ஆகவே மோட் மாறிக்கொண்டே போகிறது. பத்து மீட்டரில் அது ஒன்றரை கிலோ, முப்பது மீட்டரில் நாலரை கிலோவுக்கும் மேல்.

இன்னும் மோசமான விஷயம் ஒன்று உண்டு. இந்த வகைச் சுவிட்சில் விரலை எடுத்த பிறகுதான் மின்சாரம் பாயும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்பு அறுந்தே இருக்கும். ஆழத்தில் தண்ணீர் விரலை எடுக்காது. டார்ச் அணைந்தால் அணைந்ததுதான், மேலே வந்தால்தான் திரும்ப எரியும். குகைக்குள் மேலே வர வழி எது?

சோதிப்பது சுலபம். தரையில் டார்ச்சை எரியவிட்டு, கட்டைவிரலால் தொப்பியை மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். குளத்தில் நடந்தது அப்படியே நடந்தால் பழுது இதுதான். தொப்பிக்குள் ஒரு பிளாஸ்டிக் வில்லையை வைத்து முட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மீட்டர் சமாளிக்கும், அதற்கு மேல் நான் நம்ப மாட்டேன். டைவிங்குக்கென்றே செய்யும் விளக்குகள் பலவற்றில் சுவிட்சுக்காக உடம்பில் ஓட்டையே இருக்காது. வெளியே ஒரு வளையத்தில் காந்தம், உள்ளே அதை உணரும் சில்லு, இரண்டுக்கும் நடுவில் முழு அலுமினியச் சுவர். தண்ணீர் அழுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

மோட் மாறும்போது நடுவில் ஒன்று படபடவென்று மின்னும் மோட். குகைக்குள் பேச முடியாது, விளக்குதான் வாய். மெதுவாக வட்டம் போட்டால் "நான் நலம்". வேகவேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் "ஆபத்து". உங்கள் டார்ச் தானாக மின்ன ஆரம்பித்தால் முன்னால் போகிற நண்பர் என்ன நினைப்பார்? நீங்கள் உயிருக்குப் போராடுகிறீர்கள் என்று பதறித் திரும்புவார். அந்தப் பதற்றத்தில் காலில் மாட்டிய துடுப்பு தரையில் பட்டால் சேறு கிளம்பும், பிறகு இருவருக்குமே ஒன்றும் தெரியாது. மின்னும் மோட் உள்ள எந்த விளக்கையும், ஒருபோதும் பழுதாகாத விளக்காகவே இருந்தாலும், நான் குகைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடிக்குள் பனி படிகிறது

இதற்கு மூன்று காரணம் உண்டு. பார்த்தே பிரித்துவிடலாம்.

கண்ணாடியின் நடுவில் மெல்லிய வெண்படலமாக வந்து, டார்ச் சூடானதும் மறைந்தால் அது நம் ஊர் ஈரக்காற்று. வெயில் 30 டிகிரி, காற்றில் ஈரம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் பனி படியும். அந்தக் காற்றை உள்ளே அடைத்து மூடிவிட்டு அதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் வேறென்ன நடக்கும்? டார்ச்சைப் பிரித்து ஏர்கான் அறையில் ஒரு மணி நேரம் காயவிட்டு, அங்கேயே மூடுங்கள். மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே அடங்கினால் இன்னும் நல்லது.

ஓரங்களில் துளித்துளியாக நின்று, காயவைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அது கசிவு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மஞ்சளாக, பிசுபிசுப்பாக, துடைத்தால் எண்ணெய்போல இழுபட்டால் அது ஈயம் பற்றவைக்கும்போது பூசிவிட்ட ஃபிளக்ஸ் என்ற பசை. எல்இடி மாற்றியவர்கள் போர்டைக் கழுவாமல் மூடிவிடுவார்கள். சூட்டில் அது ஆவியாகிக் கண்ணாடியில் படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் போர்டைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எல்இடி மேலுள்ள மெல்லிய கூட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டது

முதலில் பெட்டியில் அச்சடித்திருக்கும், தண்ணீர் தாங்கும் தரக் குறியீட்டைப் பற்றி. ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ் 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்வார். இரண்டு மீட்டருக்கும் அந்தப் பெயர்தான், நூறு மீட்டருக்கும் அந்தப் பெயர்தான். எழுத்தைப் பார்க்காமல் அதன் பக்கத்தில் மீட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத்தான். நீங்கள் தலையைத் திறந்த நிமிஷமே அந்த எண் செத்துவிட்டது.

இப்போது ஓ-ரிங், அதாவது மூடும் இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். ரப்பரில் பிழைத்த ஊர்க்காரர்கள் நாம், இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமில்லை. தோட்டத்தில் வெட்டும் பாலில் செய்த இயற்கை ரப்பரை மண்ணெண்ணெயில் போட்டால் ஊறி உப்பிவிடும், பிறகு இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால் எண்ணெய் தாங்கும் நைட்ரில் ரப்பரில் ஓ-ரிங் செய்கிறார்கள். அதற்கு சிலிக்கோன் கிரீஸ் நன்றாக ஒத்துப்போகும். அதே கிரீஸை சிலிக்கோன் ஓ-ரிங்குக்குப் பூசினால் அது உப்பும். கறுப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரில். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று நிறத்தோடு மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் சிலிக்கோன். சந்தேகம் இருந்தால் புது நைட்ரில் ஓ-ரிங் வாங்கிப் போடுங்கள், ஒன்றிரண்டு வெள்ளிதான்.

கழற்றும்போது கத்தியும் ஊசியும் வேண்டாம். காலாவதியான டச் அண்ட் கோ அட்டையின் மூலையை உள்ளே விட்டு நெம்பினால் கீறல் இல்லாமல் வெளியே வந்துவிடும். விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டி இழுத்துப் பாருங்கள், வெட்டு இருந்தால் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும். வட்டமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பள்ளத்தைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கிரீஸ் பூசிய பிறகு ஓ-ரிங் பளபளக்க வேண்டும், கட்டியாக எங்கும் நிற்கக் கூடாது. அதிகம் பூசினால் மணலையும் மயிரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தால் போதும், அதன் ஓரமாகத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

தம்பியின் டார்ச்சில் ஓ-ரிங் நன்றாகவே இருந்தது. தலைப்பக்கத்தைத் திறந்தபோது வினிகர் வாசனை அடித்தது. கண்ணாடியைச் சுற்றி ஹார்ட்வேர் கடையில் வாங்கிய சிலிக்கோன் பசையைத் தடவியிருந்தார். அந்த வாசனை வரும் பசை காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியே வரும். மூடிய கூட்டுக்குள் அது எங்கே போகும்? விளக்கின் கீழே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். செம்பு வயர் பற்றவைத்த இடத்தில் பாசி பிடித்தது போலப் பச்சை பூத்திருந்தது, ஒரு வயரில் இருபது இழை இருந்த இடத்தில் எட்டோ ஒன்பதோதான் மிச்சம். குறடால் தொட்டதும் அதுவும் கையோடு வந்துவிட்டது. தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை.

கண்ணாடிக்கும் இதே கதைதான். வெளிச்சம் கூட வேண்டும் என்று தடித்த கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டிருந்தார். 50 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடியின்மேல் முப்பது மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 59 கிலோ இறங்கும். ஒரு மூட்டை உரத்துக்கும் மேல். அந்த மெல்லிய கண்ணாடியின் நடுவில் உர மூட்டையை வைப்பீர்களா என்று கேட்டேன்.

கசிவு உண்மையிலேயே தீர்ந்ததா என்று பார்க்க வாளி போதாது. செல், போர்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து மூடுங்கள். எடை கட்டி, டைவ் படகிலிருந்து கயிற்றில் இறக்கி, கால் மணி நேரம் விட்டு எடுங்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் தோல்விதான். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கப் பழைய ஈயக்குட்டைகள் கிடக்கின்றனவே, அங்கே சோதிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கரை செங்குத்தாக, மணலாக இருக்கும், காலடியில் சரிந்துவிடும்.

திடீரென்று மங்குகிறது, அல்லது சட்டென்று அணைகிறது

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான்.

முதலில் கணக்கு. அவர் டார்ச்சில் 18650 என்ற அளவு லித்தியம் செல் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. 3,000 மில்லி ஆம்பியர் செல் ஒன்றில் ஏறத்தாழ 11 வாட்-மணி, இரண்டுக்கும் சேர்த்து 22. ஒரு வாட்டுக்கு 100 லுமன் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 6,000 லுமனுக்கு 60 வாட் வேண்டும். 22-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது 22 நிமிஷம். ஒரு சாதாரணக் குகை டைவ் ஒரு மணி நேரம் போகும். மூன்று விளக்கில் ஒவ்வொன்றும் தனியாகவே அந்த முழு நேரத்தையும் தாண்டி எரிய வேண்டும். ஆறாயிரம் லுமன் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிற சமாச்சாரம்.

மெதுவாக மங்கிக்கொண்டே போனால், போர்டு செல்லை நேரடியாக எல்இடியில் இணைக்கும் வகை. செல்லின் வோல்ட் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். பழுதென்று இதைச் சொல்ல முடியாது, அந்த வகையின் குணமே அதுதான்.

படிக்கட்டு இறங்குவது போல ஒரே எட்டில் பாதியானால் அது சூடு. போர்டில் உள்ள வெப்பமானி மின்சாரத்தைக் குறைக்கிறது. தரையில் ஒரு நிமிஷத்தில் குறைகிறது, தண்ணீரில் வெகுநேரம் குறையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். தண்ணீருக்குள்ளும் குறைந்தால், எல்இடியின் அடித்தகடு உடம்போடு சரியாக ஒட்டவில்லை. உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, வெளியே சில்லென்று இருக்கிறது. பிரித்து வெப்பப் பசையைப் புதிதாகப் போடுங்கள்.

நன்றாக எரிந்துகொண்டிருந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இருட்டானால், செல்லின் அடியிலோ தலையிலோ இருக்கும் பாதுகாப்புச் சில்லு துண்டித்திருக்கிறது. மின்னோட்டம் அதன் எல்லையைத் தாண்டினாலும் துண்டிக்கும், வோல்ட் ரொம்பக் கீழே போனாலும் துண்டிக்கும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டதும் எரிந்தால் மின்னோட்டம்தான் காரணம். சார்ஜரில் வைத்த பிறகுதான் உயிர் வருகிறது என்றால் வோல்ட். மோடிஃபை செய்கிறவர்கள் இந்தத் தொல்லை வேண்டாம் என்று சில்லு இல்லாத செல்லைப் போடுவார்கள். அப்போது இருட்டு சட்டென்று வராது, ஆனால் செல்லைக் காப்பதற்கு எதுவும் இருக்காது. இரண்டு செல்லில் ஒன்று முன்னதாகக் காலியானால் மற்றொன்று அதைத் தலைகீழாக ஓட்டும். சூடு, வாயு, அதற்குப் பிறகு நடப்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். புதுசும் பழசும் கலக்காதீர்கள். ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே கழித்துவிடுங்கள்.

பழைய குகை டைவர்கள் மாற்று விளக்குக்குச் சாதாரண அல்கலைன் பேட்டரியையே விரும்பியதற்குக் காரணம் உண்டு. அது ஒரேயடியாகச் சாகாது. மங்கி மங்கி, நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகும். ஆயிரம் லுமன்கூட இல்லாத அந்த விளக்குகளை நம்பி எத்தனையோ பேர் உயிரோடு வெளியே வந்திருக்கிறார்கள்.

தட்டினால் எரிகிறது, ஆட்டினால் துடிக்கிறது

வாலில் உள்ள ஸ்பிரிங்கைப் பாருங்கள். 8 ஆம்பியர் ஓடும்போது 0.05 ஓம் தடை இருந்தாலும் 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும், மூன்று வாட்டுக்கும் மேல் ஸ்பிரிங்கே சூடாகும். சூடேறிய ஸ்பிரிங் நீலம் பாரித்துத் துவண்டிருக்கும். புதுசு மாற்றி, அதன் நடுவில் மெல்லிய சிலிக்கோன் வயர் ஒன்றைப் பற்றவைத்தால் சரியாகிவிடும். மரைகளின் நுனியில் கிரீஸ் வழிந்திருந்தாலும் இதே துடிப்பு வரும், துடைத்துவிடுங்கள்.

வெளிச்சம் ஏராளம், ஆனால் ஒன்றும் தெரியவில்லை

இதற்கு டார்ச்சைப் பிரிக்க வேண்டியதில்லை. விடிகாலை மூடுபனியில் காரின் பெரிய விளக்கைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புமே, அதே சங்கதி. தண்ணீரில் மிதக்கும் தூசும் சேறும் வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. வெளிச்சம் விரிய விரிய, கூடக் கூட, சுவரும் தடிக்கும்.

குகைக்கு வேண்டியது பத்து டிகிரிக்கும் குறைவாகக் குவிந்த ஒளி. தூசைத் துளைத்துப் போய்ச் சுவரில் விழும். நடுப்புள்ளி தெளிவாகத் தெரிவதால் நண்பர் முகம் திருப்பாமலேயே உங்கள் வட்டத்தையும் ஆட்டத்தையும் சுவரில் பார்த்துக்கொள்வார். தம்பியின் டார்ச் அறை முழுக்கப் பகலாக்குகிறது. எங்கே வட்டம் போட்டாலும் எல்லா இடமும் ஒரே வெள்ளை, அதில் சைகை தெரியாது. பிரதிபலிப்பானை மாற்றிக் குவியத்தைக் கொஞ்சம் சரி செய்யலாம். ஆனால் பெரிய எல்இடி, ஒளியைச் சின்னப் புள்ளியாகக் குவிக்க விடாது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2018 ஜூன் 23ஆம் தேதி பன்னிரண்டு சிறுவர்களும் பயிற்சியாளரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 2ஆம் தேதி இரண்டு பிரிட்டிஷ் டைவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள், 10ஆம் தேதிக்குள் எல்லோரும் வெளியே வந்தார்கள். இடையில் 6ஆம் தேதி, சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது சமான் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரிழந்தார். நம் பேராக் மலைகளைப் போலவே அதுவும் சுண்ணாம்புக்கல். தண்ணீர் காப்பிக் கலர், கையை நீட்டினால் கை தெரியாது. எத்தனை ஆயிரம் லுமனாலும் அந்தக் கலங்கலைத் திறக்க முடியாது. கயிற்றைப் பிடித்துத்தான் போனார்கள், கயிற்றைப் பிடித்துத்தான் வந்தார்கள்.

கோப்பெங் பக்கம் குவா தெம்புருங்கில் தலைவிளக்கோடு ஆற்றில் நடந்துபோன அனுபவத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம். அங்கே விளக்கு அணைந்தால் வழிகாட்டி பக்கத்தில் நிற்பார், மூச்சுக்குக் காற்று இருக்கும்.

மூடி திறக்க வரவில்லை, அல்லது திறக்கும்போது உஸ் என்கிறது

நிறுத்துங்கள். செல் வாயு விட்டிருக்கலாம். அல்லது உள்ளே புகுந்த தண்ணீரை, அதிலும் உப்புத் தண்ணீரை, மின்சாரம் பிரித்து ஹைட்ரஜனாக்கியிருக்கலாம். கெட்டியாக மூடிய அலுமினியக் குழாய்க்குள் வாயு சேர்ந்தால் அது வெடிகுண்டுக்குச் சமம். நல்ல டைவ் விளக்குகள் சிலவற்றில் இதற்காகவே அழுத்தம் வெளியேறும் வால்வு வைத்திருப்பார்கள். மோடிஃபை செய்த டார்ச்சில் அது இருக்காது.

வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் தொடவே வேண்டாம், அப்படியே விட்டுத் தள்ளி நில்லுங்கள். முழுக்க ஆறி, வெகுநேரம் ஆன பிறகு, இரண்டு முனையும் முகத்துக்கோ வயிற்றுக்கோ நேராக இல்லாதபடி பிடித்து, கால் சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி, சத்தம் அடங்கும் வரை காத்திருங்கள். உள்ளே இருந்த செல்லைக் காயவைத்துத் திரும்ப சார்ஜ் செய்ய ஆசைப்படாதீர்கள். வைஸில் வைத்து முறுக்குவதும் சுத்தியால் தட்டுவதும் வேண்டவே வேண்டாம். இதைக் கேட்காமல் கடைக்குள்ளேயே செய்யப் போன ஒருவரை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

ஒரு குறையும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது

தம்பியின் டார்ச்சில் வயரை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு முறையான வாஷர் போட்டேன். போர்டைக் கழுவினேன். மேசைமேல் அருமையாக எரிந்தது. "இப்ப போகலாமாண்ணே?" என்றார்.

போகக் கூடாது. ஏனென்றால் பழுதுகளைத்தான் நான் சரி செய்தேன், அந்த விளக்கின் பிறவியை மாற்றவில்லை. வாலில் ரப்பர் தொப்பி இருக்கிறது, மின்னும் மோட் இருக்கிறது, இருபத்திரண்டு நிமிஷக் கணக்கும் இருக்கிறது. என் கையால் செய்த வேலையை இருபது மீட்டரில் யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரே மாதிரி ஆயிரம் விளக்கு செய்தால், அது எந்த ஆழத்தில், எந்த மாதிரி சாகும் என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. இது ஒன்றே ஒன்று. இது எப்படிச் சாகும் என்பது முதல் தடவை சாகும்போதுதான் தெரியும்.

பயிற்சியில் சேரும்போது விளக்குகளைப் பயிற்றுநரிடமே வாடகைக்குக் கேளுங்கள். முதன்மை விளக்கின் தலை குட்மேன் கைப்பிடியில் புறங்கைமேல் உட்காரும். பெரிய பேட்டரி இடுப்பில் தனி உருளையில் இருக்கும், நடுவில் வயர் ஓடும். இரண்டு மாற்று விளக்கும் சின்னதாக, ஒரே ஒரு மோடோடு, மார்புப் பட்டையில் செருகியிருக்கும். இருட்டில் தடவியே எடுக்கக் கூடிய இடம் அது. முதல் நாளிலேயே கண்ணை மூடி எடுத்துப் பழகுங்கள்.

அந்த ஆறாயிரம் லுமன் டார்ச் தரையில் நல்ல பொருள், அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசில்லை. மார்க்கர் பேனாவால் "தரைக்கு மட்டும்" என்று எழுதி உடம்பில் ஒட்டிக் கொடுத்தேன். தம்பியின் அப்பா விடிகாலையில் செம்பனை நிரைக்குப் போகிறவர். அவருக்குப் பாம்பு பார்க்க ஆகும் என்று தம்பி வாங்கிப் போனார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, வாடகை விளக்கை மட்டும் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். நல்ல கேள்வி. முழுக்க சார்ஜ் செய்யுங்கள், அல்லது புது பேட்டரி போடுங்கள். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, விளக்கை அதற்குள் வைத்து எரியவிடுங்கள். காற்றில் எரியவிட்டால் சூட்டில் கெடலாம். கடிகாரத்தைப் பார்த்து, வெளிச்சம் நன்றாகக் குறைந்த நேரத்தையும் அணைந்த நேரத்தையும் குறியுங்கள். மூன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கள். அந்த இரண்டு எண்களையும் துண்டு டேப்பில் எழுதி அந்தந்த விளக்கின் கழுத்தில் சுற்றுங்கள். முதல் எண் உங்கள் டைவ் நேரத்தைவிடச் சின்னதாக இருந்தால், அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.